கிளாக் ஸ்பிரிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் இருக்கும் பட்டன்கள் வேலை செய்யவில்லை, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. பழைய காரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங் போயிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளே சரசரவென்று உரசும் சத்தமும் கேட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இது சின்ன பாகம்தான். ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் வட்டமான ஒரு பிளாஸ்டிக் கூடு. அதற்குள் தட்டையான ரிப்பன் வயர், பாயைச் சுருட்டி வைத்ததுபோல் சுருண்டிருக்கும். ஒரு முனை காரின் வயரிங்கோடும் மறுமுனை ஸ்டியரிங்கோடும் சேர்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். ஏர்பேக் வருவதற்கு முன்னால் ஓடிய கார்களில் ஹாரனுக்கு உரசி ஓடும் ஒரு செப்புத் தொடர்பே போதுமானதாக இருந்தது. ஏர்பேக்குக்கு அது போதாது. மோதல் நடந்தால் கண் இமைப்பதற்குள் பை விரிந்தாக வேண்டும். அந்த சர்க்யூட்டின் மின்தடையோ சில ஓம்தான். அதில் கொஞ்சம் கூடினாலும் ஏர்பேக் கம்ப்யூட்டர் அதைப் பழுது என்று பதிந்து விளக்கை எரியவிடும். அதனால்தான் எங்கும் விட்டுப் போகாத ஒரே வயராக இதை அமைத்திருக்கிறார்கள். ஹாரன் அடிக்காவிட்டால் சமாளித்து ஓட்டலாம். ஆனால் அதே ரிப்பனில்தான் டிரைவர் ஏர்பேக்கும் இருக்கிறது என்பதை மறந்து தள்ளிப்போடக் கூடாது.

பாகத்தை வாங்குவதற்கு முன்னால்

முதல் தவறு, சோதிக்காமலே புதுசு வாங்குவது. ஹாரன் மட்டும் போயிருந்தால் ஃபியூஸ், ரிலே, ஹாரன் மூன்றையும் முதலில் பாருங்கள். ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கார்களில் இது சர்வசாதாரணம். எதில் பழுது என்பதை ஸ்கேனர் சொல்லிவிடும். ஆனால் என்ஜினின் பழுதுக் குறியீட்டை (கோடு) மட்டும் படிக்கும் சின்ன ஸ்கேனர் இதற்கு உதவாது. ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசக்கூடியது வேண்டும். டிரைவர் ஏர்பேக் சர்க்யூட்டில் மின்தடை அதிகம் என்றோ தொடர்பு இல்லை என்றோ கோடு வந்தால் பார்வையைக் கிளாக் ஸ்பிரிங் பக்கம் திருப்பலாம்.

இங்கே மல்டிமீட்டரை எடுத்து ஏர்பேக்கையே சோதித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரம்கூட அந்த இடத்தில் போகக் கூடாது. சோதிப்பதென்றால் கிளாக் ஸ்பிரிங்கை இரண்டு முனையிலும் கழற்றி, வெளியே எடுத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு வயரிலும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். அசையாமல் வைத்துப் பார்த்தால் நன்றாகக் காட்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் சுற்றும்போது மட்டும் அறுந்து காட்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அண்மையில் ஸ்டியரிங் ராக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), ஸ்டியரிங் காலம் (சக்கரத்தைத் தாங்கும் தண்டுப் பகுதி), சஸ்பென்ஷன் என்று ஏதாவது வேலை நடந்ததா? அடியில் இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிவைக்காமல் விட்டால் அது தன் போக்கில் சுற்றி ரிப்பனை அறுத்துவிடும். காரணம் அதுதான் என்றால் ராக் இப்போதும் நடுவில் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும்.

சேசிஸ் எண்ணைப் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்றும் பாருங்கள். 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் அதிகமான கார்களுக்கு விட்ட அறிவிப்பில் இந்தப் பாகமும் ஒரு காரணம். டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் பழுதென்று திரும்பப் பெறப்பட்ட விவகாரத்திலும் பழைய கார்கள் ஏராளமாகச் சிக்கின. பட்டியலில் உங்கள் கார் இருந்தால் அந்த ஏர்பேக்கில் நீங்கள் கை வைக்கவே கூடாது. நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும்.

பேட்டரி, ஏர்பேக்

பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றியதும் வேலையில் இறங்குவது ஆபத்தான அவசரம். மோதலில் பேட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் கெப்பாசிட்டரில் மின்சாரம் சேர்ந்திருக்கும். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். சில கார்களுக்கு 90 நொடி, சிலவற்றுக்கு 3 நிமிடம், சிலவற்றுக்கு இன்னும் அதிகம். மேனுவல் சொல்வதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஏர்பேக் கையில் இருக்கும்போது யாரும் பேட்டரியை மாட்டிவிடாதபடி கழற்றிய டெர்மினலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள்.

கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்க வையுங்கள். கவிழ்த்து வைத்திருக்கும்போது தவறி வெடித்தால் மொத்தமாக மேலே பறக்கும். தூக்கிப் போகும்போது முகம் உங்கள் உடம்பைப் பார்க்கக் கூடாது. மஞ்சள் கனெக்டர்களில் பூட்டு இருக்கும். பூட்டைத் தூக்கிய பிறகே இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் அடுத்த பழுதை நீங்களே வரவழைத்த மாதிரி.

ஸ்டியரிங் நட்டை முழுவதும் கழற்றிவிட்டு இரு கையாலும் ஆட்டி இழுத்தால், பிடி விட்டதும் சக்கரம் நேராக முகத்தில் வந்து அடிக்கும். நட்டை நாலைந்து மரை மிச்சம் வைத்துத் தளர்த்தி, அசைந்து வந்ததும் எடுங்கள். வரவில்லையென்றால் சுத்தியலால் சாஃப்டை (சக்கரம் மாட்டியிருக்கும் தண்டு) தட்டாதீர்கள். மோதலில் மடங்குவதற்காகவே செய்த ஸ்டியரிங் காலம் அது, தட்டுத் தாங்காது. சக்கரத்தை இழுத்து எடுக்கும் கருவியான புல்லர்தான் வழி. புல்லரின் போல்ட்டுகளை மிக ஆழமாக முறுக்கினால் அவை பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கையே குத்திவிடும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும். எடுப்பதற்கு முன்னால் சாஃப்டிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போனால்கூட நேரான சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

நடு: எல்லாத் தவறுக்கும் மேலான தவறு

புதுசு போட்டும் சில நாளில் அறுந்துபோகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் பாகத்தின் தரமல்ல, அதை நடுவில் வைக்காமல் மாட்டியதுதான். ஒரு கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். உங்கள் காரில் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்றரை சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள்; நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 1.75 சுற்று. கிளாக் ஸ்பிரிங் மொத்தம் 5 சுற்று என்றால் பக்கத்துக்கு 2.5. ஆக இரு பக்கமும் முக்கால் சுற்றுதான் உபரி. ஒரே ஒரு சுற்றுத் தவறி மாட்டினாலும் ஒரு பக்கம் 1.5 தான் மிஞ்சும், தேவையோ 1.75. நேர்ச் சாலையிலும் சாதாரண வளைவிலும் எந்த வித்தியாசமும் தெரியாது. ஹாரன் அடிக்கும், விளக்கு அணைந்திருக்கும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும் அந்த ஒரு முறையில் அறுந்துவிடும்.

கூட்டின் மேல் இருக்கும் அம்புக்குறியை நேராக வைத்தால் போதும் என்று நம்புவதிலிருந்துதான் இது தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அம்புக்குறி ஒரு முறை நேராக வரும். ஐந்து சுற்றில் எது நடு என்று அது தனியாகச் சொல்லாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டைக் கையில் பிடித்து ஒரு பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். இறுகி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் அழுத்த வேண்டாம். அங்கிருந்து எதிர்ப்பக்கம் கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் பாதியைத் திரும்பி வந்து, அங்கே அம்புக்குறியைப் பொருத்துங்கள். சில மாடல்களுக்குக் கோடியிலிருந்து இத்தனை சுற்றுத் திரும்பு என்று மேனுவலே எண்ணைக் கொடுத்திருக்கும். அப்போது அந்த எண்தான் கணக்கு. புதிய பாகம் நடுவிலேயே பூட்டி, பின்னோ ஒட்டுத்தாளோ போட்டு வரும். கூட்டை ஸ்டியரிங் காலத்தில் பொருத்தும்வரை அதைப் பிடுங்காதீர்கள். பொருத்திய பிறகு எடுக்க மறந்தாலோ, முதல் திருப்பத்திலேயே உள்ளே உடையும்.

இதெல்லாம் முன்சக்கரங்கள் நேராக இருந்தால்தான் பலிக்கும். அவை நேராக இருக்கின்றனவா என்பதை ஸ்டியரிங்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இறங்கிப் போய் டயரைப் பாருங்கள். பழைய காரில் முன்பு யாரோ ஸ்டியரிங்கைத் தள்ளி மாட்டியிருக்கலாம். வேலை முடியும்வரை சக்கரங்கள் அசையக் கூடாது. ஸ்டியரிங் கழன்றிருக்கும்போது காரைத் தள்ளி நகர்த்துவதும் கூடாது.

எதைப் போடுவது

பழைய மார்க்கெட்டில் கிடைக்கும் உபயோகித்த கிளாக் ஸ்பிரிங்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ரிப்பன் எத்தனை ஆயிரம் முறை மடங்கியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டைப் பிரித்து அறுந்த ரிப்பனை ஈயம் வைத்து ஒட்டும் வேலையும் அப்படித்தான். ஹாரன் அடிக்கும், ஆனால் ஏர்பேக்கை அந்த ஒட்டை நம்பி விடுவதா? பாக எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் குரூஸ் கண்ட்ரோல் உள்ளதற்கும் இல்லாததற்கும் கனெக்டரில் இருக்கும் முள்களின் (பின்) எண்ணிக்கை வேறு. சில கார்களில் ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சாரும் இதோடு சேர்ந்தே வரும். மாற்றியபின் ஸ்கேனரில் அதை நேர்ப்படுத்தாவிட்டால் இ.எஸ்.பி. (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியும்.

பொருத்தும்போது இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் வளையத்தின் காது கூட்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். அப்புறம் நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் போல்ட் என்றால் புதிதாகவே வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் பேட்டரியைக் கடைசியாக இணையுங்கள். ஏர்பேக்குக்கு நேரே முகம் வராதபடி பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டி இக்னிஷனைப் போடுங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். பழைய கோடு நினைவில் இருந்தால் ஸ்கேனரில் அழிக்காமல் அணையாது. அப்புறம் ஸ்டியரிங்கை இரு கோடிவரையும் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் ஹாரனை அடித்துப் பாருங்கள். எங்காவது இழுவை தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். நடு இன்னும் சரியாகவில்லை. அழித்த பிறகும் விளக்கு மறுபடி எரிந்தால் கோடைத் திரும்பப் படித்து, கனெக்டர் பூட்டுகளிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டரை வைத்து விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போங்கள்.