மாட்டுகிறது என்பதற்காக வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி, புதிதாக வாங்கிய பழைய லென்ஸ் ஒன்றை என் கையில் கொடுத்தான். "அண்ணா, நல்லாத்தான் மாட்டுது. ஆனா ஃபோகஸ் ஆகல, சத்தம்கூட வரல. கேமரா போயிடுச்சா?" லென்ஸைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே முகத்தோடு நானும் ஒருவர் முன் நின்றிருக்கிறேன். கேமராவும் போகவில்லை, லென்ஸும் போகவில்லை. போனது காசு மட்டும்தான்.

முதல் கேமராவோடு ஒரு 18-55 லென்ஸ் வரும். சில மாதங்களில் அது அலுத்துவிடும். எறும்பு, பூவின் மகரந்தம், நாணயத்தின் எழுத்து என்று கிட்டே போய் எடுக்க மனம் அலையும். வாங்கிக் குவிப்பது அப்போதுதான் தொடங்கும். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கண்ணாடியில் விரல் வைப்பது போன்றவற்றை இங்கே நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை நடந்தால் அவை தானாகத் திருந்திவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளை அலமாரிக்குள் தூங்கவைக்கும் தவறுகள்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகின்றன.

மாட்டினால் வேலை செய்யும் என்ற நம்பிக்கை

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய முதல் கேமரா, நிகான் கம்பெனியின் மாடல்களிலேயே ஆகச் சிறியது. யாரோ பயன்படுத்திய 60 மி.மீ. மேக்ரோ (மிகக் கிட்டத்தில் எடுக்கும்) லென்ஸ் ஒன்று விலைக்கு வந்தது. விற்றவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "என் கேமராவுக்குப் போகுமா?" "எல்லா பாடிக்கும் போகும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லென்ஸ் போய் அழகாக உட்கார்ந்தது, 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது.

கேமராவை ஆன் செய்தால் திரையில் எஃப், ஈ, ஈ என்று மூன்று எழுத்துகள் மின்னின. ஃபீஸ் கேட்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தேன். லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) வளையத்தை ஆகச் சிறிய துளைக்கான எண்ணுக்கு, அதாவது 32-க்குத் திருப்பிப் பூட்ட வேண்டும் என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. பிறகு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை.

காரணம் எளிது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகின் வழியாக லென்ஸைச் சுழற்ற வேண்டும். என் பாடியில் அந்த மோட்டாரே இல்லை.

இந்தக் குழி நிகானில்தான் ஆழம். அதன் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) 1959-ல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக வாயின் வடிவம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. ஆனால் உள்ளே நடக்கும் வேலை தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிட்டது. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை ஆகியவற்றின் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. டி90, டி7000 போன்றவற்றில் உண்டு. சின்ன பாடிக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால், மோட்டாரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஏஎஃப்-எஸ் போன்ற லென்ஸ் வாங்க வேண்டும். ஏஎஃப் என்றோ ஏஎஃப்-டி என்றோ மட்டும் இருந்தால் கையால்தான் திருப்ப வேண்டும். உங்கள் பாடி எந்த வகை என்று தெரியவில்லையா? லென்ஸைக் கழற்றி வாயின் உலோக வளையத்தைப் பாருங்கள். திருப்புளி நுனி போன்ற ஒன்று எட்டிப்பார்த்தால் மோட்டார் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. புதிய ஏஎஃப்-பி லென்ஸை டி90, டி3100 போன்ற பழைய பாடியில் மாட்டுகிறார்கள். அதில் வளையத்தைக் கையால் திருப்பினாலும் ஃபோகஸ் நகராது, ஏனென்றால் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே நேரடித் தொடர்பு இல்லை. பாடி மின்சாரத்தால் சொன்னால்தான் கண்ணாடி அசையும். பழைய பாடிக்கோ அந்தப் பாஷை தெரியாது. பழைய லென்ஸ் மாட்டி நான் ஏமாந்ததைவிட இது மோசம். எனக்குக் கையால் திருப்பும் வழியாவது இருந்தது.

உள்ளே ஆடி இல்லாத (மிரர்லெஸ்) நிகான் இசட் பாடிக்கு, எஃப் லென்ஸைப் பொருத்தும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் பிரச்சினை தீரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அடாப்டரிலும் மோட்டார் கிடையாது.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், மேக்ரோ எடுக்க அந்த லென்ஸ் அருமையானது. பூச்சியை அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது ஆட்டோஃபோகஸை நான் இன்றும் அணைத்துத்தான் வைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் அதை வாங்கியது பாதிப் பூச்சிக்கும் பாதி மனிதர்களுக்கும். அக்கா மகனின் பிறந்தநாளில் 140 படம் எடுத்தேன். ஓடும் குழந்தையை, சின்ன பாடியின் இருட்டான வியூஃபைண்டர் வழியாக, கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது எப்படி இருக்குமென்று நினைத்துப் பாருங்கள். தெளிவாக வந்தவை 9. அதில் இரண்டு, கேக்கின் படங்கள். அக்கா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

கேனனில் பொறி வேறு மாதிரி. இஎஃப்-எஸ் லென்ஸுக்கு வெள்ளைச் சதுரக் குறி, இஎஃப் லென்ஸுக்குச் சிவப்புப் புள்ளி. சிறிய சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே ஆடி உள்ள கேமராக்களில்), மிகப் பழைய சிலவற்றைத் தவிர, இரண்டும் மாட்டும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் சிவப்பு மட்டும்தான் மாட்டும். அதற்குப் பிறகு வந்த இஎஃப்-எம், ஆர்எஃப் இரண்டும் ஒரே கம்பெனியின் மிரர்லெஸ் கேமராக்களுக்கானவை என்றாலும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. இஎஃப்-எம் லென்ஸை ஆர்எஃப் பாடியில் பொருத்த அடாப்டரும் இல்லை. மவுண்டிலிருந்து சென்சார்வரை உள்ள தூரம் இஎஃப்-எம்மில் 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20 மி.மீ. லென்ஸ் இன்னும் 2 மி.மீ. உள்ளே போக வேண்டும், போக இடமில்லை. இதே கணக்கினால்தான் நிகான் எஃப் லென்ஸ் (46.5) கேனன் இஎஃப் பாடியில் (44) வெறும் வளையம் ஒன்றின் உதவியால் உட்காரும். திருப்பிச் செய்ய முடியாது, நடுவில் கண்ணாடி வைத்தால் ஒழிய.

ஆகவே விற்பவரிடம் "போகுமா?" என்று கேட்காதீர்கள். "என் பாடி இந்த மாடல். இதில் ஆட்டோஃபோகஸ் ஆகுமா? அப்பர்ச்சரை பாடியிலிருந்து மாற்ற முடியுமா? வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யுமா?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், உங்கள் பாடியைக் கொண்டுபோய் அங்கேயே மாட்டி நான்கு படம் எடுத்துப் பாருங்கள்.

50 வேறு, 58 வேறு

கிட்டே போய் எடுக்க லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் க்ளோஸ்-அப் ஃபில்டர் வாங்கும்போது 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. ஃபில்டர் தேடுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். 50 என்பது குவியத்தூரம். ஃபில்டருக்குத் தேவை முன்பக்க மரையின் விட்டம். குறுக்குக்கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் 49, 52, 58, 67 என்று எழுதியிருக்கும். மூடியின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும்.

திருகும்போது இன்னொன்று. பழைய 18-55 லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதியே சுழலும். ஆட்டோஃபோகஸில் வைத்துக்கொண்டே ஃபில்டரை முறுக்கினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள்தான் அடி வாங்கும். முதலில் எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றுங்கள், பிறகு திருகுங்கள். ஃபில்டர் இறுகிக்கொண்டால் விளிம்பில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றித் திருப்பினால் வந்துவிடும்.

+10 தான் பெரியது என்று +10 வாங்குவது

+1, +2, +4, +10 என்று நான்கு கண்ணாடி சேர்த்து ஒரு பையில் விற்பார்கள். எல்லோரும் முதலில் எடுப்பது +10. அந்த எண் டயாப்டர், அதாவது கண்ணாடியின் பவர். 1000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்தக் கண்ணாடியின் குவியத்தூரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். லென்ஸை முடிவிலியில் வைத்தால் பொருள் இருக்க வேண்டிய தூரமும் அதுதான். +10-க்கு 10 செ.மீ., +4-க்கு 25 செ.மீ., +2-க்கு 50 செ.மீ.

10 செ.மீ. தூரத்தில் எந்தத் தும்பியும் உங்களுக்காக உட்கார்ந்திருக்காது. உட்கார்ந்தாலும் லென்ஸின் நிழல் அதன் மேல் விழும். ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரமெல்லாம் குழைந்து, ஊதா நிறம் கசியும். மூன்றை அடுக்கினால் இன்னும் கேவலம்.

உருப்பெருக்கம் எவ்வளவு என்பதும் எளிய கணக்குதான். லென்ஸின் குவியத்தூரத்தைக் கண்ணாடியின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 55 மி.மீ.-இல் +4 போட்டால் 55/250, கால் பங்குகூட இல்லை. அதே +4-ஐ 55-250 லென்ஸில் 250-இல் வைத்தால் 250/250. அதாவது 1:1, பொருளின் உண்மையான அளவு அப்படியே சென்சாரில் விழும். அதுவும் பூச்சிக்கு 25 செ.மீ. தள்ளி நின்றுகொண்டு. அந்த நீள லென்ஸ் பலர் பையில் ஏற்கெனவே கிடக்கிறது. அதை விட்டுவிட்டு 18-55-இல் +10 போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

வாங்குவதென்றால் இரண்டு மூன்று கண்ணாடியைச் சேர்த்து, நிறக் கசிவு குறையும்படி செய்த அக்ரோமேட் ஒன்றே ஒன்று வாங்குங்கள். கேனன் 500டி (+2), 250டி (+4), ரேநாக்ஸ் டிசிஆர்-150 (+4.8), டிசிஆர்-250 (+8) எல்லாம் இந்த வகை. கேனனின் கண்ணாடி நிகான் லென்ஸிலும் மாட்டும், மரை அளவு சரியாக இருந்தால் போதும். ரேநாக்ஸ் கிளிப் வகை, 52 முதல் 67 மி.மீ. வரை கவ்விக்கொள்ளும். ஆனால் 500டி, 250டி என்ற பெயர்களில் கேனனே கேமராக்களும் விட்டிருக்கிறது. தேடும்போது 'க்ளோஸ்-அப் லென்ஸ்' என்று சேர்த்துத் தேடுங்கள், இல்லாவிட்டால் கேமராவாகவே வந்து குவியும்.

லென்ஸ் மேல் 'மேக்ரோ' என்று எழுதியிருந்தால்

விகிதத்தைப் பாருங்கள். 1:4 என்றால் அது விளம்பரம்.

'வைட் + மேக்ரோ' இரட்டைக் கன்வெர்ட்டர்

வேண்டாம்.

பழைய லென்ஸில் பூஞ்சை

டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

தொடர்பு முள் இல்லாத டியூப்

எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடியே இல்லை, வெறும் வளையம். லென்ஸைப் பாடியிலிருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். டியூபின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் எவ்வளவு கூடுகிறது என்று தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் போட்டால் அரைப் பங்கு கூடும். 18 மி.மீ.-இல் அதையே போட்டால் ஃபோகஸ் விழும் இடம் லென்ஸின் உள்ளேயே போய்விடும். எறும்பை லென்ஸுக்குள் விட்டால்தான் எடுக்க முடியும். க்ளோஸ்-அப் கண்ணாடி போலன்றி டியூப் வெளிச்சத்தையும் தின்னும். டியூப் மட்டும் வைத்து 1:1 வரை போனால் இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் முக்கால் பங்கு போய்விடும்.

மலிவான டியூபில் மின்தொடர்பு முள் இருக்காது. கேனன் இஎஃப் லென்ஸில் அப்பர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவதால் முழுசாகத் திறந்தே கிடக்கும். அவ்வளவு கிட்டத்தில் முழுத் திறப்பில் எடுத்தால் எறும்பின் ஒரு மீசை தெளிவாக இருக்கும், இன்னொரு மீசை புகையாகிவிடும். எஃப்/8 வைத்தால்கூட 1:1-இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நிகான் ஜி வகையில் நேரெதிர். லென்ஸில் அப்பர்ச்சர் வளையமும் இல்லை, டியூபில் தள்ளிவிடும் நெம்புகோலும் இல்லை என்பதால் துளை ஆகச் சிறியதாகச் சுருங்கி, வியூஃபைண்டர் இருண்டுவிடும். லென்ஸின் பின்னால் உள்ள சின்ன நெம்பைக் காகிதத் துண்டு செருகி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு, அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ். அதற்கு முள் இல்லாத டியூபே போதும், துளையைக் கையாலேயே மாற்றிக்கொள்ளலாம். நான் ஏமாந்து வாங்கிய அந்த 60 இப்படித்தான் கடைசியில் தன் சம்பளத்தைச் சம்பாதித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பியின் லென்ஸும் அந்தக் குடும்பம்தான். விற்காதே, ட்ரைபாடில் வைத்து நாணயம் எடு என்று சொல்லி அனுப்பினேன். இரவு போன் வந்தது.

"அண்ணா, டியூப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வாங்கிடவா?"

"எந்த டியூப்டா? முள் இருக்கா?"

"அதெல்லாம் பாக்கல அண்ணா. மாட்டும்னு போட்டிருக்கான்."