ராயு, நெகி, மாயு: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமென் (ஜப்பானிய நூடுல்ஸ் சூப்) கிண்ணத்தை முகத்தருகே கொண்டுவந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது, சாற்றின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் மணம். வெங்காயத்தாளைப் பொரித்து இறக்கிய நெகி எண்ணெய், பூண்டைக் கருக்கிச் செய்யும் மாயு, மிளகாய்க் காரம் இறங்கிய ராயு, உருக்கிய கோழிக் கொழுப்பு என்று ஜப்பானிய ராமென் கடைகளில் பல வகை எண்ணெய்கள் உண்டு. வீட்டில் இவற்றைச் செய்வது கடினமில்லை. பொருள்களும் குறைவுதான். ஆனாலும் கசந்துபோன ராயு, மணமே ஏறாத நெகி எண்ணெய், அதைவிட மோசமாக, உடம்பைக் கெடுக்கும் பூண்டெண்ணெய் என்று பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான சறுக்கல்களைத் துருவிப் பார்த்தால் காரணம் ஒன்றுதான்: எண்ணெயில் போடும் பொருளுக்குள் இருக்கும் நீரை மறந்துவிடுகிறோம்.

உயிரோடு தொடர்புடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பூண்டை உரித்து, எண்ணெயில் மூழ்கவைத்து, அழகான கண்ணாடிப் புட்டியில் அடுப்பு மேடையில் வைத்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பூண்டு, இஞ்சி போல மண்ணிலிருந்து வருபவற்றில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுப் படும் இடத்தில் அவற்றால் பெருக முடியாது. எண்ணெயோ காற்றை அடைத்துவிடுகிறது. பூண்டுக்குள் ஈரம் இருக்கிறது, புளிப்பு போதவில்லை, சமையலறை வெப்பமும் தோதாக அமைகிறது. வித்துகள் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. நிறமோ நாற்றமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்பவும் முடியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், ஃப்ரிட்ஜில் வைக்கப்படாத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மாயு எண்ணெய்க்குப் பேர்போன ஜப்பானின் குமமோத்தோவில், தாமரைக்கிழங்கில் கடுகும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் அடைத்துச் செய்யும் கராஷி ரென்கோன் இதே பாக்டீரியாவால் நஞ்சானது. 11 பேர் இறந்தார்கள். அது காற்றை உறிஞ்சி அடைத்த பொட்டலத்தில் விற்கப்பட்ட பண்டம். காற்றில்லாத இடத்தில் ஈரம் தங்கியிருந்தால் நடப்பது இதுதான்.

“எண்ணெயை நன்றாகக் காய்ச்சித்தானே செய்கிறேன்?” என்று கேட்கலாம். எண்ணெய் 150 டிகிரியில் இருந்தாலும், ஈரம் முழுதும் வெளியேறும்வரை பூண்டின் உட்பகுதி ஏறக்குறைய 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் நஞ்சு சிதையும், வித்துகள் பிழைத்துக்கொள்ளும். ஆறியபின் அவை திரும்ப முளைக்கும். கொஞ்சம் வினிகர் ஊற்றினால் போதும் என்பதும் தவறு. அது எண்ணெயோடு கலக்காமல் அடியில் தனியே நிற்கும். நம் வீட்டு ஊறுகாய் மாதக்கணக்கில் கெடவில்லையே என்ற எண்ணமும் இங்கே உதவாது. ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும்தான். எண்ணெயை மட்டும் நம்பி எந்த ஊறுகாயும் இருப்பதில்லை.

ஆகவே பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், ஷிசோ என்ற ஜப்பானிய மூலிகை இலை, யூசு என்ற எலுமிச்சை வகையின் தோல் என்று ஈரமுள்ள எதைப் போட்டுச் செய்தாலும், வடிகட்டி, ஆறியதும் உடனே ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். கூடுதல் நாள் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த மிளகாய், காய்ந்த சன்ஷோ (நாக்கை மரக்கவைக்கும் ஜப்பானிய மிளகு) போன்ற உலர் பொருள்களால் மட்டும் செய்த எண்ணெயில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அதிலும் ஈரக் கரண்டியை விட்டால் பயனில்லை.

கடையில் விற்கும் ‘சாப்பிடும் ராயு’வைப் பார்த்துத்தான் பலருக்குத் துணிச்சல் வருகிறது. 2009இல் மொமோயா நிறுவனம் பொரித்த பூண்டும் வெங்காயமும் நிறைந்த ராயுவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் அது கிடைக்காமல் மக்கள் தேடி அலைந்தார்கள். அந்தப் புட்டியைப் போல வீட்டில் செய்ததும் அலமாரியில் நிற்கும் என்று எண்ணக்கூடாது. தொழிற்சாலையில் பூண்டின் ஈரத்தை அளந்து பார்த்து நீக்கமுடியும். வீட்டில் நம்மிடம் இருப்பது கண்ணும் காதும்தான். பூண்டையும் வெங்காயத்தையும் தனியே மொறுமொறுவென்று பொரித்துச் சேருங்கள், அப்போதும் ஃப்ரிட்ஜ் கணக்கையே பின்பற்றுங்கள்.

இனி சூடு. நெகி எண்ணெய்க்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதிதான் சிறந்தது. கழுவிய தாளைத் துணியில் ஒற்றித் துடைக்காமல் போடுவது முதல் தவறு. எண்ணெயைக் கொதிக்கவைத்து அதில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஓரம் கருகும், நடு பச்சையாக நிற்கும், மணம் எண்ணெயில் இறங்கவே நேரமிருக்காது. 200 மில்லி எண்ணெய்க்கு 100 கிராம் தாள் என்று எடுத்து, ஆறிய எண்ணெயிலேயே போட்டு, சிறு தீயில் 20 நிமிடம் போல விடுங்கள். அருகில் நின்று பாருங்கள். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் சளசளவென்று மேலே வரும். அது தாளின் நீர் ஆவியாகும் ஓசை. பத்து நிமிடத்துக்குமேல் குமிழிகள் ஊசிமுனை போலச் சிறுத்து, ஓசை தணிந்து, பச்சை மங்கி ஓரங்களில் வெளிர்பழுப்பு ஏறும். தீயை அணைக்க வேண்டியது இந்த நேரத்தில்தான். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், அணைத்த பிறகும் எண்ணெயில் இருக்கும் சூடு அதைக் கருக்கிவிடும்.

மாயுவில் கருக்குவதுதான் நோக்கம் என்பதால் பெருந்தீயில் வைத்துவிடுகிறார்கள். மேலே கரியும் உள்ளே ஈரமுமாக நிற்கும் பூண்டிலிருந்து வருவது வெறும் கசப்பு. பொடியாக நறுக்கி, சிறு தீயில் பொன்னிறம், பழுப்பு, கருமை என்று படிப்படியாகக் கொண்டுபோக வேண்டும். கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

ராயுவில் மட்டும் நீர் துணைக்கு வருகிறது. மிளகாய்த்தூளின்மேல் 180 டிகிரி எண்ணெயை ஒரேயடியாக ஊற்றினால் தூள் நொடியில் கருத்துவிடும். ஜப்பானியச் சமையலறைகளில் செய்வதுபோல, இரண்டு மேசைக்கரண்டி தூளை ஒன்றிரண்டு தேக்கரண்டி நீரில் பிசறிவைத்து, சூடான எண்ணெயை மூன்று தவணையாக ஊற்றிக் கிளறுங்கள். ஆவியாகும் நீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். தூள் கருகாமல் சிவப்பும் காரமும் எண்ணெயில் இறங்கும். நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். நுரை முழுதும் அடங்கினால்தான் நீர் போய்விட்டது என்று பொருள். நம் கடைகளின் நைஸான காரத்தூள் இதற்கு ஏற்றதல்ல. காரம் குறைந்த, நிறம் மிகுந்த காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாயைக் கொரகொரப்பாக இடித்துக்கொண்டால் நன்றாக வரும்.

எண்ணெய்த் தேர்விலும் தமிழ் வீடுகளில் ஒரு குழப்பம் நேர்கிறது. ஜப்பானியக் குறிப்பில் எள்ளெண்ணெய் என்று வந்தால் கை தானாக நல்லெண்ணெய்ப் பக்கம் போகும். ஜப்பானில் பொதுவாகச் சொல்லப்படுவது வறுத்த எள்ளிலிருந்து எடுத்த, பழுப்பு நிறமும் கடுமையான வறுவல் மணமும் கொண்ட எண்ணெய். நம் செக்கு எண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது. கருப்பட்டியின் சாயலும் அதில் இருக்கும். இரண்டும் நல்லவை, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. வறுத்த எள்ளெண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தினாலோ அதன் மணம் பறந்துவிடும். தவிட்டெண்ணெய் போல மணம் குறைந்த எண்ணெயில் பொரித்து, இறக்கியபின் எள்ளெண்ணெயை நான்கில் ஒரு பங்கு சேர்ப்பதே என் விருப்பம்.

கொம்பு கடற்பாசியையும் கட்சுவோபுஷி மீன் சீவலையும் எண்ணெயில் ஊறவைத்து, உமாமி (இறைச்சிச் சாறு போன்ற ஆழ்ந்த ருசி) இறங்கிவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு. இறங்காது. 1908இல் இக்கேதா கிகுனாயே என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்புவில் கண்டறிந்த, உமாமியைத் தரும் குளுட்டமேட் நீரில் கரைவது. எண்ணெய் அதை ஏற்பதில்லை. உப்பும் அப்படித்தான். எண்ணெயில் மணத்தையும் காரத்தையும் ஏற்றுங்கள். உப்பும் உமாமியும் சோயா சாஸ், மிசோ, கொம்புவும் மீன் சீவலும் ஊறிய தாஷி சாறு ஆகியவற்றிலிருந்து தட்டில் வந்து சேரட்டும். சோயா சாஸையே எண்ணெய்ப் புட்டியில் ஊற்றிவைப்பது, விரட்டிய ஈரத்தைக் கூப்பிட்டு உட்காரவைப்பதாகும்.

கடைசியில் பயன்படுத்தும் இடம். பாடுபட்டுச் செய்த எண்ணெயைத் தாளிப்பதற்கு எடுத்தால் மணமெல்லாம் அடுப்படிக்கே போய்விடும். பரிமாறும் நேரத்தில், ராமெனுக்கு ஒரு மேசைக்கரண்டி, குளிர்ந்த டோஃபுவுக்கு ஒரு தேக்கரண்டி, கியோசா கொழுக்கட்டை தொட்டுக்கொள்ளும் சோயா-வினிகர் கலவையில் சில சொட்டு ராயு. சன்ஷோ எண்ணெய் என்றால் வாட்டிய மீன்மேல் அரைத் தேக்கரண்டிக்குமேல் வேண்டாம். நாக்கு மரத்தால் மீனின் ருசி தெரியாது.

வடிகட்டியில் தங்கும் பொரிந்த வெங்காயத்தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சூடான சோற்றில் அதைப் போட்டு, மேலே ஒரு முட்டையைப் பொரித்து வைத்து, சோயா சாஸ் விட்டு அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.