ஷவர் கண்ணாடிக் கதவு மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிரேம் இல்லாத கண்ணாடிக் கதவை மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவது சந்துதான். "இவ்வளவு கேப் இருக்கே, தண்ணி வெளியே வராதா?" என்பார்கள். சந்து இருக்கத்தான் வேண்டும். கீல் பக்கமும் கைப்பிடிப் பக்கமும் 3 முதல் 5 மில்லிமீட்டர், அடியில் 10 மில்லிமீட்டர் வரை விடுவது வழக்கம். கதவு உரசாமல் திரும்பவும், ஓரத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பட்டையான சீல் உட்காரவும் அந்த இடம் தேவை. ஒரே சந்து மேலே 4, கீழே 12 என்று விரிந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி விரிந்தால் கோளாறு பெரும்பாலும் சுவரில் இருக்கும். டைல்ஸ் ஒட்டிய சுவர் பார்வைக்கு நேராகத்தான் தெரியும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் 2 மீட்டர் உயரத்துக்குள் 6, 8 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும். நேர்செவ்வகமாக வெட்டிய கண்ணாடியை அதன் பக்கத்தில் நிறுத்தியதும் குட்டு உடைந்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே அளவு கொடுத்துவிடுவது. டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று கொத்தனாராலேயே மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல முடியாது. பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. இந்தக் கதவுக்குப் போடும் டஃபன்டு கிளாஸை (உறுதியேற்றிய கண்ணாடி) 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்துத்தான் செய்கிறார்கள். அதன்பின் வெட்டவோ துளை போடவோ முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். அளவு தப்பினால் புதுக் கண்ணாடிதான், செலவும் இன்னொரு முறைதான்.

எனவே டைல்ஸ் முடிந்து, இடுக்குகளில் பூசும் கிரவுட் காய்ந்தபின் அளவெடுக்கச் சொல்லுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அகலம், இரண்டு சுவருக்கும் தூக்கு, அடியில் ரசமட்டம். ஒரே இடத்தில் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற கண்ணாடிக்காரரை அப்படியே விட்டுவிடாதீர்கள். சுவர் சாய்ந்திருந்தால், பக்கத்தில் அசையாமல் நிற்கும் கண்ணாடியின் ஓரத்தை அந்தச் சாய்வுக்கு ஏற்ப வெட்டி வாங்கலாம். கதவு நேர்செவ்வகமாகவே இருக்கட்டும்.

கதவுக்கு அடியில் வரும் கிரானைட் பட்டிக்கு வாட்டம் உள்பக்கமாக, ஷவரை நோக்கி இருக்க வேண்டும். பட்டி நீளவாக்கில் ஒரு முனை தாழ்ந்திருந்தால் அடிச் சந்து ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தெரியும். கல் பதிக்கும்போதே பார்த்துவிட வேண்டிய விஷயம் இது.

அப்புறம் எடை. 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ. 70 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் கதவு 35 கிலோ. இதை இரண்டு கீல்கள் தாங்க வேண்டும், கீல்களைச் சுவர் தாங்க வேண்டும். புது அடுக்குமாடிகளில் பல சுவர்கள் எடை குறைந்த ஏஏசி பிளாக்கில் கட்டியவை. ஸ்க்ரூ பிடிக்கத் துளையில் செருகும் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் அதில் நாளடைவில் தளர்ந்துவிடும். தளர்ந்தால் கீல் பக்கம் மேலே சந்து அகலும், கைப்பிடிப் பக்கத்துக் கீழ்முனை இறங்கி வரும். டஃபன்டு கிளாஸுக்குப் பலவீனமான இடம் ஓரமும் முனையும்தான். அந்த முனை கிரானைட்டில் இடித்தால் முழுக் கதவும் சிதறலாம். எனவே பிளாக் சுவர் என்று முன்கூட்டியே சொல்லி, கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி இறுக்கும் போல்ட்) போடச் சொல்லுங்கள். கதவு இறங்கியிருப்பது தெரிந்தால் புழங்குவதை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சிலிகான் எல்லாச் சந்துக்கும் பரிகாரம் இல்லை. அசையாத கண்ணாடி சுவரையும் தரையையும் தொடும் இடத்துக்கு மட்டும்தான் அது. ஈரத்தின் மேலோ தூசியின் மேலோ அடித்தால் உரிந்து வரும். அடித்தபின் குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. வீட்டில் யாராவது அன்று மாலையே குளித்துவிடுவார்கள், குளியலறைக் கதவைப் பூட்டி வைப்பது நல்லது.

கதவின் ஓரங்களுக்கு சீல்தான். 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் 8 மில்லிமீட்டர் சீலைத் திணித்தால் வாய் பிளந்து கழன்றுவிடும். அடிச் சீலின் சாய்ந்த உதடு உள்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் வழியும் தண்ணீர் நேராக வெளியே போகும். போர் தண்ணீரின் உப்புப் படிந்தால் சீல் விறைத்து மஞ்சளாகும். கதவைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் தண்ணீர் வெளியே வருகிறதா? ஷவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். கதவை நோக்கிப் பீய்ச்சினால் எந்தச் சீலாலும் முழுதாகத் தடுக்க முடியாது.