கைமரத்தில் படாத ஆணி: சூறாவளிக்கு வீடு கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவின் தென்பகுதியில், மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் கரை கடந்தது. மயாமி அடங்கிய மாவட்டமான டேட் கவுண்டியில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இன்னும் ஒரு லட்சம் வீடுகள் சேதமடைந்தன. காப்பீட்டு இழப்பு 1,500 கோடி டாலரைத் தாண்டியது.

மணிக்கு 265 கி.மீ. வேகக் காற்று அடித்தால் எந்த வீடுதான் நிற்கும் என்று தோன்றும். ஆனால் அடுத்த நாட்களில் இடிபாடுகளுக்குள் நடந்த பொறியாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அங்கே கூரை என்றால் சாய்ந்த கைமரங்களின் மேல் பலகைகளைப் பரப்பி, அதன் மேல் தார் ஓடு ஒட்டுவது. பிய்ந்து கிடந்த பலகைகளில் ஆணிக்குப் பதிலாக ஸ்டேபிள் பின்கள் இருந்தன. அவற்றில் பல, கைமரத்தைத் தொடவே இல்லை. மரத்துக்குப் பக்கத்தில், வெறும் வெளியில் இறங்கியிருந்தன. அந்தப் பலகையைப் பிடித்துவைத்திருந்தது அதன் சொந்த எடை மட்டும்தான்.

சூறாவளியைத் தாங்கும் கட்டுமானம் பற்றிய இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தக் காட்சியிலிருந்து வளர்ந்தது. அது காட்டிக்கொடுத்த தவறுகளில் எனக்கு முக்கியமாகப் படுபவற்றைச் சொல்கிறேன்.

விதி கடுமையாக இருக்கிறது, அது போதும் என்று நினைப்பது

டேட் கவுண்டியில் 1957 முதலே தனிக் கட்டட விதித்தொகுப்பு இருந்தது. அமெரிக்காவிலேயே கடுமையானவற்றில் ஒன்று என்று அதற்குப் பெயர். மக்கள் அதை நம்பி வீடு வாங்கினார்கள். புயலுக்குப் பிறகு மயாமி ஹெரால்ட் நாளிதழ் ஒரு வேலை செய்தது. வீட்டு வரிப் பதிவுகளையும் சேதக் கணக்கெடுப்பையும் கணினியில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தது. காற்றின் வேகம் கூடக்கூடச் சேதமும் கூட வேண்டும் அல்லவா? அந்தப் பொருத்தம் சரியாக அமையவில்லை. வீடு கட்டிய ஆண்டோடுதான் சேதம் ஒத்துப்போனது. 1980-க்குப் பிறகு கட்டிய புது வீடுகள் பழைய வீடுகளைவிட மோசமாக அடிபட்டிருந்தன. புயல் பற்றிய செய்திப் பணிக்காக அந்த நாளிதழுக்கு 1993-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

காரணம் என்னவென்றால், வீட்டுத்தேவை பெருகிய ஆண்டுகளில் வேலை வேகமானது. ஆணிக்குப் பதில் ஸ்டேபிள் வந்தது, கெட்டிப் பலகைக்குப் பதில் மரச்சீவல்களை ஒட்டிச் செய்த மலிவான பலகை வந்தது. ஆய்வாளர்களோ ஒரே நாளில் ஏகப்பட்ட வீடுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கூரைக்கு மேல் ஏறி ஆணி இடைவெளியை அளக்க யாருக்கும் நேரமில்லை. ஓடு ஒட்டிவிட்டால் அப்புறம் யாராலும் பார்க்கவும் முடியாது.

எனவே ஆண்ட்ரூவுக்குப் பிந்தைய திருத்தங்கள் காற்று வேகத்தின் எண்ணை உயர்த்துவதோடு நிற்கவில்லை. கூரைப் பலகைக்கு ஸ்டேபிள் கூடாது, ஆணிதான், அதுவும் இந்த அளவில் இந்த இடைவெளியில் என்று எழுதினார்கள். கதவு, ஜன்னல், ஷட்டர் எதுவானாலும் சோதனையில் தேறிச் சான்று பெற்ற பிறகே பொருத்த வேண்டும் என்றார்கள். 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஃபுளோரிடா கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. விதியைக் கடுமையாக்குவது பாதி வேலைதான். அது கடைசி ஆணி வரை போய்ச் சேருகிறதா என்று ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பது மறுபாதி.

காற்று தள்ளும் என்று மட்டும் நினைப்பது

இது சாதாரண மக்கள் மட்டுமல்ல, அனுபவமுள்ள கட்டுநர்களும் செய்யும் தவறு. காற்று சுவரைத் தள்ளுகிறது, உண்மைதான். ஆனால் கூரையை அது மேலே உறிஞ்சுகிறது. இறவாரத்திலும் மூலைகளிலும் முகட்டு ஓரத்திலும் அந்த இழுப்பு மிகக் கடுமை.

நம் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 875 (பகுதி 3). அதில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும். 50 × 50 × 0.6 = 1,500 நியூட்டன். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பத்தடி நீளம், மூன்றரை அடி அகலமுள்ள ஒரு தகரத்தை இந்த அழுத்தம் மேலே இழுத்தால் ஏறக்குறைய அரை டன். அதன் மேல் இரண்டு கல்லும் ஒரு மணல் மூட்டையும் வைத்துவிட்டுப் புயலை எதிர்கொள்ளும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது. வேகத்தின் வர்க்கம் என்பதையும் கவனியுங்கள். 160 கி.மீ. காற்று 225 கி.மீ. ஆனால் பளு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, இரு மடங்காகிறது.

அந்த இழுவிசை கடைசியில் எங்கே போக வேண்டும்? மண்ணுக்கு. பலகையிலிருந்து ஆணி வழியாகக் கைமரத்துக்கு, அங்கிருந்து இரும்புப் பட்டை வழியாகச் சுவருக்கு, சுவரிலிருந்து போல்ட் வழியாக அஸ்திவாரத்துக்கு. பளு இறங்கும் இந்தப் பாதை ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் மற்ற கண்ணிகள் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை. ஆண்ட்ரூவில் மரம் முறிந்ததைவிட மூட்டு கழன்றதுதான் அதிகம். வீட்டின் இரு முனைகளிலும் கூரைக்குக் கீழே வரும் முக்கோணச் சுவர்கள், உள்ளே குறுக்குத் தாங்கல் இல்லாததால் சரிந்தன. நான்கு பக்கமும் சரியும் கூரைகள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின.

இதைக் கண்ணால் காண விரும்பினால், தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் 2010-இல் திறந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தேடிப் பாருங்கள். காப்பீட்டுத் துறையின் பணத்தில் இயங்கும் ஐ.பி.எச்.எஸ். அமைப்பினுடையது. 105 ராட்சத விசிறிகளுக்கு முன்னால் முழு வீட்டையே நிறுத்திச் சோதிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே ஒரே மாதிரி இரண்டு வீடுகளை அருகருகே வைத்தார்கள். ஒன்று வழக்கமான முறையில் கட்டியது. மற்றதில் பட்டைகளும் நல்ல ஆணிகளும் உண்டு. வழக்கமான வீடு நொறுங்கி விழுந்தது, அடுத்தது நின்றது. உடம்பில் வளையம் வளையமாகப் பள்ளம் போட்ட ஆணிக்கும் சாதாரண வழுவழு ஆணிக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. பிடிமானத்தில் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம்.

ஜன்னலுக்கு டேப் ஒட்டுவது, ஜன்னலைத் திறந்து வைப்பது

இரண்டும் பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த யோசனைகள், இரண்டும் தப்பு. டேப் கண்ணாடியைக் காப்பதில்லை. உடைந்தால் பெரிய பெரிய துண்டுகளாக விழவைக்கும், அது இன்னும் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகும் என்பது அதைவிடப் பெரிய தவறு. காற்று உள்ளே நுழைந்ததும் வீடு பலூன்போல உப்பும். ஏற்கெனவே மேலே இழுபடும் கூரையைக் காற்று இப்போது கீழிருந்தும் தள்ளுகிறது. ஒரு ஜன்னல் உடைந்தால் கூரையே போவது இதனால்தான். கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவும் அப்படித்தான். வீட்டிலேயே பெரிய திறப்பு அது, பெரும்பாலும் மெல்லிய தகடு.

அதனால் டேட் கவுண்டி 1994-இல் ஒரு சோதனையைக் கட்டாயமாக்கியது. சுமார் 4 கிலோ எடையுள்ள இரண்டுக்கு நாலு அங்குல மரச்சட்டத்தைக் காற்றுப் பீரங்கியில் வைத்து மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஜன்னல் மேல் எறிவார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், ஓட்டை விழக்கூடாது. அதோடு விடுவதில்லை. அடிபட்ட அதே ஜன்னலை ஆயிரம் தடவைக்கு மேல் மாறி மாறி அழுத்தியும் இழுத்தும் பார்ப்பார்கள்.

ஏன் அத்தனை தடவை? அதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 1974 கிறிஸ்துமஸ் அன்று ட்ரேசி புயல் டார்வின் நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் அங்கே போய் ஆராய்ந்தார். கூரைத் தகடுகள் ஒரே இழுப்பில் பிய்ந்துவரவில்லை. காற்று விட்டு விட்டு அடித்ததில், ஆணி இறங்கிய இடத்தைச் சுற்றித் தகடு முன்னும் பின்னும் வளைந்து வளைந்து களைத்து விரிசல் விட்டிருந்தது. கம்பியைக் கையால் மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிவதைப்போல. ஒரு தடவை பளு ஏற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன பழைய சோதனைகளுக்கு இது தென்பட்டிருக்கவே முடியாது. இந்தப் பாடத்திலிருந்துதான் 1977-இல் டவுன்ஸ்வில்லில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் உருவானது.

வரைபடத்தில் கோடு போட்டு, அதற்கு அப்பால் ஆபத்தில்லை என்பது

மாநிலம் முழுமைக்கும் விதி வந்தபோது ஃபுளோரிடாவின் வடமேற்குப் பகுதிக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்தார்கள். பறந்துவரும் பொருட்களிலிருந்து ஜன்னலைக் காக்கும் கட்டாயம் கடற்கரையிலிருந்து ஒரு மைல் வரைதான். காற்று அந்த ஒரு மைலோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த ஆய்வும் ஆதாரம் தரவில்லை. கட்டுமானச் செலவு ஏறும் என்ற கவலைதான் அந்தக் கோட்டைப் போட்டது. 2007-இல் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் கட்டிய வீடுகள் அப்படியே இருந்தன. 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் சூறாவளி மணிக்கு 257 கி.மீ. வேகத்தில் அங்கேயே, மெக்சிகோ பீச் அருகே வந்தது. விதி இன்று மாறினாலும் நேற்றைய வீடு மாறாது. இதை மறந்துதான் பலரும் பேசுகிறார்கள்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. கூரைப் பலகை பத்திரமாக நின்று, மேலே ஓடு மட்டும் பறந்தாலும், பலகை இடுக்குகள் வழியே மழை இறங்கி உள்கூரை ஊறி விழும். வீடு நிற்கும், குடியிருக்க முடியாது. இடுக்குகளை ஒட்டுப்பட்டையால் அடைப்பது மலிவான வேலை, ஆனால் ஓடு மாற்றும்போதுதான் செய்ய முடியும். கடல் உட்புகுந்தால் இதெல்லாமும் உதவாது. 2022-இல் இயான் சூறாவளியில் ஃபோர்ட் மையர்ஸ் பீச்சை அழித்தது முக்கியமாகக் கடல்நீர்தான். அங்கே வீட்டைத் தூண் மேல் உயர்த்துவது ஒன்றே வழி.

விழுந்த வீடுகளை மட்டும் எண்ணுவது

நின்ற வீடு ஏன் நின்றது என்று கேட்காவிட்டால் விதி வேலை செய்கிறதா என்றே தெரியாது. 2004-இல் சார்லி சூறாவளி ஃபுளோரிடாவின் ஷார்லட் கவுண்டியைத் தாக்கிய பிறகு ஐ.பி.எச்.எஸ். காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தது. 1996-க்குப் பிறகு, அந்தக் கவுண்டியின் புது விதிப்படி கட்டிய வீடுகளிலிருந்து வந்த கோரிக்கைகள் 60 சதவீதம் குறைவு. வந்தவற்றிலும் இழப்பு 42 சதவீதம் குறைவு. ஆண்ட்ரூ முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது.

இந்தியாவிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது. 2015-இல் திருத்திய ஐ.எஸ். 875 (பகுதி 3), கிழக்குக் கடற்கரையிலும் குஜராத்திலும் 60 கி.மீ. அகலப் பட்டைக்குள், புயலுக்குப் பின் உடனே தேவைப்படும் கட்டடங்களுக்குக் காற்று வேகத்தை 1.30-ஆல் பெருக்கச் சொல்கிறது. தொழிற்சாலைகளுக்கு 1.15. குடியிருக்கும் சாதாரண வீட்டுக்கு 1.00, அதாவது கூடுதல் ஏதுமில்லை. மருத்துவமனை நிற்க வேண்டும், சரி. கடலோரத்துத் தகரக்கூரை வீட்டுக்குள் இருப்பவரையும் அந்த எண்ணுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஃபுளோரிடாவில் வீடு வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுத் தடுப்பு ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூரை ஆணியின் அளவு, இடைவெளி, சுவரோடு பிணைத்த பட்டை, ஜன்னல் பாதுகாப்பு எல்லாம் புகைப்படத்தோடு அதில் இருக்கும். காப்பீட்டுக் கட்டணத் தள்ளுபடியும் அதைப் பொறுத்தது. அதோடு, கூரைக்குக் கீழே உள்ள பரணில் ஒரு டார்ச்சோடு நீங்களே ஏறிப் பாருங்கள். கைமரத்துக்குப் பக்கத்தில், மரத்தில் இறங்காத ஆணி முனைகள் வெளிச்சம் பட்டு மினுங்கும். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. வரிசையாக இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, மறு ஆணி அடிக்க என்ன செலவாகும் என்று கேளுங்கள்.