ஊசி போடப் போகுமுன் கிழமையைப் பாருங்கள்

தோட்டத்து ஆட்கள் பயத்தில் கொரோனா ஊசிக்கு வருவதில்லை என்று டவுனில் ஒரு பேச்சு இருந்தது. 2021ல் இலங்கையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் இடம்) நான் வேலை செய்தேன். ஊசி முகாம் நாட்களில் பெயர் பதிய மேசையிலும் உட்கார வைத்தார்கள். அங்கே நான் பார்த்தது வேறு. "நாளைக்குக் காய்ச்சல் வந்தா பேரு போயிடுமே பிள்ளை" என்பதுதான் பெரிய கவலை. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், அப்போது அது 1000 ரூபாய். அதனால் அடுத்து எந்த நோய்க்கு ஊசி வந்தாலும் என் முதல் யோசனை கிழமையைப் பற்றித்தான்.

காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி எல்லாம் பெரும்பாலும் ஊசி போட்ட இரவும் மறுநாளும்தான். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு படுத்துக் கிடக்கலாம். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல் நாளும் நல்லது. முகாம் வார நடுவில்தான் என்றால், வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போய்விடாதீர்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து போனோம். மறுநாள் காலையில் அடுப்பு மூட்ட ஆளில்லை, பீலியில் தண்ணீர் பிடிக்கவும் ஆளில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

அடுத்தது, உங்கள் முறை வந்துவிட்டதா என்று பார்ப்பது. இலங்கையில் 2021 ஜனவரி 29ந் தேதி முதலில் போட்டது முன்வரிசையில் நின்ற சுகாதார ஊழியர்களுக்கு. எங்கள் பக்கம் முகாம் வந்தபோது 30 வயதுக்கு மேல் என்றார்கள், பிறகு 20க்கு இறக்கினார்கள். வயதை வாயால் சொன்னால் போதாது, அடையாள அட்டை இலக்கமே காட்டிக் கொடுத்துவிடும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் வருடம். தனக்கு வயது 58 என்று அடித்துச் சொன்ன ஓர் ஆச்சிக்கு இலக்கத்தின்படி வயது 63 வந்தது. "அவனுக கூட்டி எழுதிட்டானுக" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டையே இல்லாதவர்கள் முகாம் அன்று வரிசையில் நின்று சண்டை போடுவதைவிட, இரண்டு நாள் முன்பே பிறப்புச் சான்றிதழோடு கிராம சேவகரையோ பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவையோ பார்ப்பது மேல்.

பிரஷர், சீனி வருத்தம் இருப்பவர்கள் பாதிப் பேர் தங்களுக்கு ஊசி ஆகாது என்று நினைத்துக் கொண்டிருந்தார்கள். தலைகீழ். கொரோனா வந்தால் அவர்களைத்தான் கூடுதலாகப் போட்டு வாட்டும், ஊசி அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். கிளினிக் மாத்திரையை அன்று காலையும் வழக்கம்போலப் போடுங்கள், கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு ஒரு தடையே இல்லை. பால் கொடுக்கும் தாய்மாரும் போடலாம். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் எத்தனை மாதம் என்பதை மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லி, கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

மேசையில் மறைக்காமல் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா. முதல் ஊசிக்கே மூச்சு முட்டியவர் அதே ஊசியை இரண்டாவது முறை போடக்கூடாது.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். முகாமில் மயங்கி விழுந்தவர்களில் நான் கேட்டவரை எல்லோரும் காலையில் ஒரு ரொட்டிகூடத் தின்னாதவர்கள். இறுக்கமான கை வைத்த சுவெட்டரும் வேண்டாம். நம் குளிருக்கு மூன்று உடுப்புப் போட்டு வந்து, தாதி முன்னால் ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குள் வரிசை முணுமுணுக்கும்.

போட்டபின் 15 நிமிடம், அலர்ஜி உள்ளவர்கள் 30 நிமிடம், கதிரையை விட்டு எழும்பக் கூடாது. இதில் மட்டும் நான் கறார். மழை வருகிறது, மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று எழும்பப் பார்த்த ஓர் அக்காவைக் கையைப் பிடித்து இருத்தினேன். பத்தாவது நிமிடம் கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது, குரல் கம்மியது. டொக்டர் ஓடிவந்து தொடையில் அட்ரினலின் ஊசி ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் அவர் அப்போது மலைப் பாதையில் தனியாக ஏறிக்கொண்டிருந்தால்?

வீட்டுக்கு வந்தபின் கை வலிக்கும், வலிக்கட்டும். கையைத் தொங்கவிட்டு உட்காராமல் மெல்ல அசையுங்கள், ஈரத்துணி வையுங்கள். கக்கத்தில் நெறி கட்டினாலும் பயப்பட வேண்டாம், சில நாளில் வடியும். காய்ச்சலுக்குப் பனடோல், அதாவது பரசிட்டமோல். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். ஒரு நாளில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டே போட வேண்டும். நான் இதில் தப்புச் செய்தேன். குளிர் நடுக்கத்தில் இரண்டு பனடோல் போட்டு, கூடவே கடையில் வாங்கிய தடிமன் மாத்திரையும் விழுங்கினேன். அதற்குள்ளும் பரசிட்டமோல்தான் என்று பின்னர் பெட்டியைப் படித்தபோதுதான் தெரிந்தது. மாமி வைத்துத் தந்த இஞ்சிக் கொத்தமல்லித் தண்ணீரோடு நின்றிருக்கலாம். கருவாடு, கோழி சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக. சாராயம் கேட்கும் அண்ணன்மாருக்கு மட்டும் என் பதில்: காய்ச்சலையும் வெறியையும் பிரித்துப் பார்க்க எங்களால் முடியாது, இரண்டு நாள் பொறுங்கள்.

இருமலோ, மணம் தெரியாமல் போவதோ ஊசியின் விளைவு இல்லை. அது வந்தால் நோயே வந்திருக்கலாம், பரிசோதனை செய்யுங்கள். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டால் டெங்குவாகவும் இருக்கலாம். அஸ்பிரின், இபுபுரூஃபன் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்த ஊசி போட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்போது கொரோனாவுக்குப் போட்ட அஸ்ட்ராசெனகா என்றால், போட்டு நாலாவது நாளிலிருந்து சில வாரத்துக்குள் விடாத கடும் தலையிடி, மங்கிய பார்வை, கால் வீக்கம், தீராத வயிற்று வலி, தோலில் சிறு இரத்தப் புள்ளிகள் வந்தால் உடனே காட்ட வேண்டும். ஃபைசர், மொடர்னா போட்ட சில நாளில், முக்கியமாக இளம் பையன்களுக்கு, நெஞ்சு வலியோ படபடப்போ வந்தாலும் அப்படித்தான். இரண்டுமே அபூர்வம். ஆனால் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம் போகும் நமக்கு, விடியட்டும் என்று காத்திருப்பது சரிவராது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

இரண்டாவது ஊசித் தேதி கார்டில் இருக்கும். கண்டிப் பக்கம் ஸ்புட்னிக் போட்டவர்கள் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதில் முதல் ஊசிக்குள் இருக்கும் மருந்து வேறு, இரண்டாவது வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிட முடியாது. தேதி தள்ளிப்போனால் பதறாமல் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் கேளுங்கள். கார்டைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். என்னுடையது கூரை ஒழுகி நனைந்து, தேதி மட்டும் அழிந்துபோனது. மாமியுடையது சாமிப் படத்துக்குப் பின்னால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) துண்டோடு இன்னும் புதிது மாதிரி இருக்கிறது.