சதுக்கத்தைப் பெரிதாக வரைவதுதான் முதல் தவறு

நடந்தே சுற்றி வரக்கூடிய ஊர் மையம் வேண்டும் என்று பேச ஆரம்பித்த உடனே வரைபடத்தின் நடுவில் ஒரு பெரிய சதுக்கத்தை வரைந்துவிடுகிறார்கள். காகிதத்தில் விசாலமாகத்தான் இருக்கும். கட்டி முடித்த பிறகு நூறு பேர் வந்தாலும் அங்கே ஆளே இல்லாத மாதிரி தெரியும், ஆளில்லாத இடத்தில் யாரும் நிற்கவும் மாட்டார்கள். அதே நூறு பேர் ஒரு சின்ன முற்றத்தில் இருந்தால் களைகட்டிவிடும். சந்தேகமா, சின்னதாகவே வரையுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். நியூயார்க்கில் 1961-இல் ஒரு விதி வந்தது: கட்டடத்தின் முன்னால் பொதுச் சதுக்கம் விட்டால் கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம். சதுக்கங்கள் வரிசையாக முளைத்தன, நிறைய வெறிச்சோடிக் கிடந்தன. 1970களில் வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் கேமரா வைத்துக் கவனித்துக் கண்டுபிடித்தது சிரிப்பு வருமளவுக்கு எளிது. உட்கார வசதி இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்! 1975-இல் விதியைத் திருத்தி இருக்கைகளைக் கட்டாயமாக்கினார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் அதை ஒரு சாண் இப்படி அப்படி இழுத்துவிட்டுத்தான் ஆட்கள் உட்காருவார்கள், பல நேரம் ஒரு காரணமும் இருக்காது என்பதையும் அவர் பார்த்தார். நாம் என்ன செய்கிறோம்? பெஞ்சை நகர்த்த முடியாதபடி தரையோடு பொருத்தி, யாரும் படுத்துவிடக் கூடாது என்று நடுவில் கம்பியும் வைக்கிறோம்.

ஓரங்களையும் மறந்துவிடுவார்கள். மக்கள் நடுவில் நிற்பதில்லை, முதுகுக்கு ஒரு தூணோ சுவரோ தேடி ஓரமாக ஒதுங்குவார்கள். அந்த ஓரத்தில் கதவும் ஜன்னலும் கடையும் இல்லாமல் நீளமான மொட்டைச் சுவரோ பார்க்கிங் கட்டடமோ இருந்தால் நடுவில் நீரூற்று வைத்துப் பிரயோஜனமில்லை.

வண்டிகளை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் 1964-இல் ஒரு கடைத்தெருவில் ஆறு பிளாக் (குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதி) நீளத்துக்குக் கார்களை விலக்கினார்கள். கடைகள் புறநகருக்குப் போய்விட்டன, 2017-இல் கார்களைத் திரும்ப விட்டார்கள். ஆனால் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1962-இல் கார்களை விலக்கிய ஸ்ட்ரொய்யெட் தெரு இன்றும் நெரிசலாக இருக்கிறது. அது பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கிற கடைத்தெரு, அதையும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரித்தார்கள். பக்கத்தில் குடியிருக்கிற ஆட்கள் இல்லாமல் வெறும் தடையை மட்டும் போட்டால் தெரு சாயங்காலத்திலேயே தூங்கிவிடும்.

மையம் நன்றாக இருந்து, அங்கே போகிற வழி மோசமாக இருப்பதும் உண்டு. சிக்னல் நேரத்துக்கு, விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று கணக்குப் போட்டால் 18 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 15 விநாடி. முட்டிவலிக்காரர் பாதியில்தான் இருப்பார்! சாலையைக் குறுக்குங்கள், இல்லை நடுவில் நிற்க ஒரு திட்டாவது வையுங்கள்.

அப்புறம் நிழல். மரக்கன்று வளரப் பத்து வருஷம் ஆகும், அதுவரைக்கும் பந்தல் போடுங்கள். கழிப்பறையைப் பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார்கள். மிஞ்சாது. குழந்தையோடு வந்தவர் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்.