ஆர்.ஓ. விற்பவர் காட்டும் பழுப்புத் தண்ணீர்: வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

ஆர்.ஓ. (தண்ணீரில் கரைந்த உப்புகளைச் சவ்வால் வடிகட்டும் இயந்திரம்) விற்க வருபவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை இரண்டிலும் இறக்கி ப்ளக்கைச் சொருகுவார். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறமாகிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்" என்பார்.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. கருவியில் இருப்பவை இரும்பு, அலுமினியக் கம்பிகள். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்போது நேர்முனையில் உள்ள இரும்பு கரைந்து பச்சையும் பழுப்புமாகத் துருவாகிறது, அலுமினியம் வெள்ளைக் கசடாகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயாததால் கம்பியும் கரைவதில்லை.

இதை மெய்ப்பிக்க வேண்டியவை: 9 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டு ஒயர், பூச்சு இல்லாத இரும்பு ஆணி இரண்டு, இருமுனையும் சீவிய பென்சில் இரண்டு, கண்ணாடி டம்ளர்கள், சமையல் உப்பு. விற்பனையாளரின் கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதையோ அது இறங்கிய தண்ணீரையோ தொடாதீர்கள்.

முதல் டம்ளரில் 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, ஆணிகளை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, பேட்டரியின் இரு முனைகளோடும் இணையுங்கள். பத்து நிமிடம் ஆனாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இப்போது அதே தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரையுங்கள். எதிர்முனை ஆணியில் உடனே குமிழ்கள் கிளம்பும். சில நிமிடங்களில் தண்ணீர் கலங்கிப் பச்சை கலந்த பழுப்பாகும். நீங்கள் சேர்த்தது தினமும் சாம்பாரில் போடும் உப்பு மட்டுமே. விற்பனையாளர் நேரில் இருந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, அவரையே மறுபடி கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவே போதும்.

இரண்டாவது டம்ளரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஆணிக்குப் பதில் பென்சில் முனைகளை இறக்குங்கள். குமிழ் வரும், பழுப்பு வராது. பென்சிலின் கரியில் துருப்பிடிக்க இரும்பு இல்லை. (கரித்தூள் கொஞ்சம் உதிரலாம். பென்சில்களோடு உப்பு சேர்க்க வேண்டாம், குளோரின் வாயு வெளிவரும்.)

சோதனை பிசகுவது பெரும்பாலும் ஆணியால்தான். நாகம் பூசிய ஜிஐ ஆணி முதலில் வெள்ளையாகத்தான் கலங்கும்; உப்புத்தாளால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். எவர்சில்வர் கரண்டியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அதிலிருந்து நச்சான குரோமியம் கரையலாம். ஆணிகள் ஒன்றையொன்று தொட்டால் பேட்டரி சூடேறும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து அவர் எடுப்பது டிடிஎஸ் மீட்டர், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் பொருள் கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் கருவி. ஆனால் அது கரைந்த பொருளை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை விடுங்கள். பல ஆயிரம் மில்லிகிராம் கரைந்திருந்தும் எண் ஏறக்குறைய அசையாது. கிருமியையும் அது காட்டாது. ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப் போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. ஆக, 40 என்று காட்டும் தண்ணீர் பாதுகாப்பானது என்றோ 400 என்று காட்டுவது கெட்டது என்றோ சொல்ல வழியில்லை. அதே தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கிறது.

ஆர்.ஓ.வே வீண் என்பதல்ல இதன் பொருள். போர் தண்ணீர் 1500 காட்டி உப்புக் கரித்தாலோ, ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலோ அது உண்மையிலேயே உதவும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடைக் கட்டாயம் பாருங்கள். உப்பு குறைவான தண்ணீரில் கிருமி மட்டுமே கவலை என்றால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும்.

முடிவெடுக்குமுன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசிய பிறகு இரண்டு லிட்டர் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கோலிஃபார்ம் கிருமி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.